"தும்மலா இருக்கு, ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க!" - மருந்துக் கடையில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

தை பிறந்துவிட்டால் தஞ்சைப் பக்கம் காற்றெல்லாம் நெல் வாசம்தான். சம்பா வயல்களில் அறுவடை இயந்திரங்கள் இறங்கிவிடும். ஒரத்தநாடு, பாபநாசம், திருவையாறு, மன்னார்குடி என எந்தச் சாலையில் போனாலும் ஓரத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் தூற்றும்போது பதர் பறக்கும். கூடவே சுணையும் தூசியும் பறக்கும்.

அந்த வாரங்களில் கடைத்தெரு மெடிக்கல் ஷாப்புகளில் மாலையானால் அடிக்கடி கேட்கும் குரல் இது: "அண்ணே, காலையிலேர்ந்து ஒரே தும்மல். மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கு. ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க."

மூன்று நான்கு அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பது பல ஊர்களில் வழக்கம். வாங்குகிறவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை. பெயர் தெரியாது. தும்மல் நின்றுவிடும் என்பதால் யாரும் கேட்பதும் இல்லை.

ஆனால், அதே உறையை இரவு முழுக்க அறுவடை வண்டி ஓட்டுகிறவரும் வாங்குகிறார். சிறுநீர் சரியாகப் பிரியாமல் தவிக்கும் தாத்தாவுக்கும் வாங்குகிறார்கள். மூன்று வயதுக் குழந்தைக்குப் பாதி உடைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தும்மல் ஒன்றுதான். மாத்திரை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க முடியாது.

சளியா, அலர்ஜியா?

முதலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீர் போல ஒழுகும் மூக்கு, மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு, காய்ச்சல் இல்லை, வயலுக்கோ களத்துக்கோ போனால் அதிகமாகிறது, வருடா வருடம் இதே பருவத்தில் வருகிறது என்றால் பெரும்பாலும் அலர்ஜிதான். உடம்புவலி, தொண்டைவலி, காய்ச்சலோடு வந்து ஒரு வாரம் பத்து நாளில் அடங்கினால் அது வைரஸ் சளி. அலர்ஜிக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. உறையில் அதுவும் சேர்ந்து வந்தால் காசும் வீண், உடம்புக்கும் கேடு.

டெல்டாவில் அலர்ஜியைத் தூண்ட நெல் தூசி மட்டும் காரணம் இல்லை. சீமைக் கருவேலம், பார்த்தீனியம் ஆகியவற்றின் மகரந்தம், நனைந்த வைக்கோலில் படியும் பூஞ்சை, அரிசி ஆலைத் தவிட்டுத் தூசி, வீட்டுப் படுக்கையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் என்று பட்டியல் நீளம்.

தூக்கம் தரும் மாத்திரை, தராத மாத்திரை

தூசியோ மகரந்தமோ உள்ளே போனதும் உடம்பு ஹிஸ்டமின் என்ற பொருளைச் சுரக்கிறது. தும்மல், அரிப்பு, ஒழுகல் எல்லாம் அதன் வேலை. அதைத் தடுப்பவைதான் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகள். இந்த வகை மருந்துகளைக் கண்டுபிடித்த ஆய்வுகளுக்காக டேனியல் போவே 1957-ல் நோபல் பரிசு பெற்றார்.

இவற்றில் பழைய தலைமுறை மருந்துகள் குளோர்பெனிரமைன், பெனிரமைன் போன்றவை. 'அவில்' என்று ஊரே அறிந்த மாத்திரை பெனிரமைன்தான். இவை மூளைக்குள்ளும் நுழைவதால் தூக்கம் வரும், நிதானம் குறையும். ராத்திரி போட்டதன் மந்தம் மறுநாள் காலை வரை நீடிக்கலாம். அறுவடை வண்டி, டிராக்டர், லாரி, பைக் ஓட்டுபவர்களுக்கு இது சரிப்படாது. வாய் உலரும், புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், சிலவகை கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. வயதானவர்கள் தடுமாறி விழவும், குழப்பமாகப் பேசவும் இது காரணமாகலாம்.

புதிய தலைமுறையில் செட்ரிசின், லிவோசெட்ரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் ஆகியவை உள்ளன. பெரியவர்களுக்குப் பொதுவாக நாளைக்கு ஒன்று போதும். செட்ரிசின் 10 மில்லிகிராம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, 24 மணி நேரம் வரை தாங்கும். ஆனால், "செட்ரிசின் தூக்கம் தராது" என்பது முழு உண்மை அல்ல. சிலருக்கு நன்றாகவே தூக்கம் வரும். அவர்கள் இரவில் போட்டுக்கொள்ளலாம். லோரடடினில் தூக்கம் குறைவு. ஃபெக்ஸோஃபெனடினில் மிகமிகக் குறைவு. பகலில் வண்டி ஓட்டுகிறவர்கள் கேட்க வேண்டியது இந்த இரண்டில் ஒன்றைத்தான். ஃபெக்ஸோஃபெனடினை ஆப்பிள், ஆரஞ்சு ஜூஸோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. வெறும் தண்ணீர் போதும்.

எந்த மாத்திரையாக இருந்தாலும் மதுவோடு சேரக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

'எல்லாம் ஒன்றாக' இருக்கும் மாத்திரை

'கோல்டு' மாத்திரை என்று விற்பவற்றில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் இருக்கும்: பாரசிட்டமால், குளோர்பெனிரமைன், ஃபினைலெஃப்ரின். அலர்ஜித் தும்மலுக்குப் பாரசிட்டமால் எதற்கு? இதைத் தெரியாமல், உடம்புவலிக்குத் தனியாக இன்னொரு பாரசிட்டமாலும் போட்டால் அளவு கூடி ஈரலைப் பாதிக்கும். ஃபினைலெஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றக் கூடியது. வாய்வழி சாப்பிடும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பைத் திறப்பதே இல்லை என்று அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் நிபுணர் குழு 2023-ல் முடிவு சொன்னது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். குளோர்பெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. பெயர், தொகுதி எண் உள்ள பாட்டிலையும் பில்லையும் வைத்திருந்தால்தான், இதுபோல ஒரு எச்சரிக்கை வரும்போது நம் வீட்டில் இருப்பது அதுதானா என்று பார்க்க முடியும்.

மான்டெலுகாஸ்ட்டும் லிவோசெட்ரிசினும் சேர்ந்த மாத்திரையையும் பலர் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்குகிறார்கள். மான்டெலுகாஸ்ட் சிலருக்கு மனச்சோர்வு, கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகலாம் என்று எஃப்.டி.ஏ. 2020-ல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த நாட்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய மருந்து இது.

உறைக்குள் ஒளிந்திருக்கும் குட்டி மாத்திரை

பெயர் தெரியாத உறையில் மிகப் பெரிய அபாயம் இதுதான். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் ஆகியவை ஸ்டீராய்டு மாத்திரைகள். அலர்ஜியை மளமளவென்று அடக்கிவிடும். "அந்தக் கடை மாத்திரை போட்டா உடனே கேக்குது" என்ற பெயருக்குப் பின்னால் சில நேரம் இதுதான் இருக்கும். மருத்துவர் தேவை பார்த்துச் சில நாட்களுக்குக் கொடுத்தால் இது நல்ல மருந்து. தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், முகம் உப்பும், நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். நெடுநாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அப்படிச் சாப்பிட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், மிச்ச மாத்திரையோடு மருத்துவரிடம் போவதுதான் வழி.

மூக்கு, கண், தோல்

மூக்கடைப்பைச் சட்டென்று திறக்கும் ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துகளை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் போடக் கூடாது. போட்டால் மருந்து இல்லாமல் மூக்கே திறக்காது என்ற நிலை வந்துவிடும். பருவம் முழுக்க அவதிப்படுபவர்களுக்கு ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் அதிகப் பலன் தரும். இது மாத்திரை போல உடம்பெல்லாம் பரவுவது மிகக் குறைவு. ஆனால், முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் நல்லது. கொதிக்க வைத்து ஆறிய நீர் மட்டுமே வேண்டும். வாய்க்கால், குளத்து நீர் கூடவே கூடாது.

கண் அரிப்பு இரண்டு கண்ணிலும் இருந்தால் அலர்ஜியாக இருக்கலாம். அறுவடையின்போது நெல்தாளோ உமியோ ஒரு கண்ணில் பட்டு, வலியும் சிவப்பும் இருந்தால் அது வேறு கதை. அந்தச் சின்னக் கீறல் வழியாகப் பூஞ்சை புகுந்து கருவிழியில் புண் ஏற்படுத்தலாம். அந்த நேரத்தில் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, புண்ணுக்கு எண்ணெய் ஊற்றி வளர்ப்பது போல. பார்வையே போகலாம். அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

சுணை பட்ட தோலுக்கு முதல் மருந்து குளியல். பிறகு கேலமைன் லோஷன், தேவைப்பட்டால் ஒரு செட்ரிசின். ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி கடுமையாக்கப்பட்டது. படர்தாமரையில் அவற்றைத் தடவினால் அரிப்பு அடங்கும், படை பரவும்.

மாத்திரையை நம்பக் கூடாத நேரம்

மூச்சு இரைப்பு, நெஞ்சில் விசில் சத்தம், நடு இரவில் இருமல் இருந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். செட்ரிசின் அதற்கு மருந்து ஆகாது. பூஞ்சை பிடித்த வைக்கோலைப் புரட்டிய சில மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், மூச்சுத்திணறல் வந்தால் நுரையீரலைப் பார்த்தாக வேண்டும். குளவி கொட்டியோ, ஏதோ சாப்பிட்டோ உதடு, நாக்கு வீங்கி, தலை சுற்றி, மூச்சுத் திணறினால் மாத்திரை தேடி நேரம் கடத்தாமல் 108-ஐ அழைக்க வேண்டும். அங்கே உயிர் காப்பது அட்ரினலின் ஊசி.

கடையில் நின்று கேட்க வேண்டியவை

* யாருக்கு, என்ன வயது என்பதைச் சொல்லுங்கள்.
* சர்க்கரை, பி.பி., சிறுநீரகம், புராஸ்டேட், கர்ப்பம் இருந்தால் மறைக்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லுங்கள்.
* வண்டி, இயந்திரம் ஓட்டுபவர் என்றால் அதை முதலில் சொல்லுங்கள்.
* "ஒரே மருந்து உள்ள மாத்திரையாகக் குடுங்க" என்று கேளுங்கள்.
* பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி அட்டையாக வாங்குங்கள், பில் கேளுங்கள்.
* அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து.
* ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் கடையை மாற்றாமல் மருத்துவரைப் பாருங்கள்.

செலவுக்குப் பயந்து உறை மாத்திரை வாங்க வேண்டிய அவசியம் இல்லை. செட்ரிசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக்கு உச்சவரம்பு உண்டு. ஜெனரிக் மருந்துகளைக் குறைந்த விலையில் தரும் முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரி முதல் இயங்குகின்றன. மக்கள் மருந்தகங்களும் உள்ளன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

களத்துக்குப் போகும் முன் மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க். அது இல்லாவிட்டால் துண்டையாவது இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் குளித்து, உடுப்பை மாற்றிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கலாம். வருடா வருடம் அறுவடையில் தும்மல் வரும் என்று தெரிந்தவர்கள், மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே மாத்திரையைத் தொடங்கினால் பலன் அதிகம்.

விதை நெல் வாங்கும்போது ரகத்தின் பெயர் கேட்காமல் எந்த விவசாயியும் மூட்டையைத் தொட மாட்டார். வாயில் போடும் மாத்திரைக்கும் பெயர் கேட்போம்.