கோடு விலை சொல்லாது
சிறு கடைக்கும் ஸ்கேனர் வேண்டும். அது வேகத்துக்காக அல்ல

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தடவும் எண்ணெய் ஆகியவற்றின் மீதான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. அதன் பிறகு பல வாரங்கள் நாடெங்கும் மளிகைக் கடை அலமாரிகளில் பழைய விலை அச்சிட்ட சரக்கும் புதிய விலை அச்சிட்ட சரக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. விலைதான் வேறு, உறையிலிருந்த பார்கோடு பெரும்பாலும் ஒன்றே. புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் போகும் சாலையில், உழவர்கரை நகராட்சிக்குள் இருக்கிற ரெட்டியார்பாளையம் போன்ற பகுதிகளில் இந்தக் குழப்பத்தின் முழுப் பாரமும் சிறு கடைக்காரர் தலையில்தான் விழுந்தது. பெரிய அங்காடிகளில் தலைமை அலுவலகமே கம்ப்யூட்டரில் விலையைத் திருத்திவிடும். தனிக் கடைக்காரர் ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, அச்சிட்ட விலையைப் பார்த்து, வாடிக்கையாளருக்கு விளக்கமும் சொல்லியாக வேண்டும்.

ஸ்கேனர் என்றதும் நம் மனதில் வருவது வேகம். கூட்டம் அலைமோதும் கடை, நீண்ட வரிசை, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு 'பீப்'. அதனால்தான் 'நாலு பேர் வந்து போகிற கடைக்கு எதற்கு இதெல்லாம்?' என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. வேகம் ஒன்றுதான் அதன் பயன் என்றால் கேள்வி நியாயமானதே. ஆனால் ஸ்கேனரின் பெரிய பயன் வேறு. எந்தச் சரக்கு எப்போது வந்தது, என்ன விலைக்கு வந்தது, எவ்வளவு மீதமிருக்கிறது, எது காலாவதியாகப் போகிறது என்பதைக் கடை மறக்காமல் வைத்திருக்க அது உதவுகிறது. அந்த நினைவாற்றல் பெரிய கடையைவிடச் சிறு கடைக்கே அதிகம் தேவை. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

வேகம் என்ற பெயர் இந்தக் கருவிக்கு வந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1948இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், கல்லாவில் ஆகும் தாமதத்துக்கு வழி கேட்டு ஒரு பல்பொருள் அங்காடி நிர்வாகி ட்ரெக்சல் கல்லூரியை அணுகினார். அது காதில் விழுந்த பெர்னார்ட் சில்வர், நண்பர் நார்மன் ஜோசப் உட்லாண்டிடம் சொன்னார். மோர்ஸ் தந்திக் குறிகளின் புள்ளிகளையும் கோடுகளையும் நீட்டிப் பார்த்ததில் உட்லாண்டுக்கு யோசனை பிறந்தது. 1949இல் விண்ணப்பித்து 1952இல் இருவரும் காப்புரிமை பெற்றார்கள். ஆனாலும் 1974 ஜூன் 26 அன்றுதான் ஒஹையோ மாநிலத்தின் ட்ராய் நகரக் கடையொன்றில் ஒரு சூயிங்கம் பொட்டலம் இன்றைய வகைப் பார்கோடு மூலம் முதன்முதலாக விற்கப்பட்டது. பெரிய கடையின் வரிசையைக் குறைக்கப் பிறந்த கருவி என்பதால் அது பெரிய கடைக்கே உரியது என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. பிறந்த காரணம் அதுவாக இருக்கலாம். இன்றைய பயன் அதோடு நிற்க வேண்டியதில்லை.

பதின்மூன்று எண்களில் என்ன இருக்கிறது?

நம் ஊர்ப் பொருள்களில் காணும் பார்கோடு பெரும்பாலும் 13 எண்கள் கொண்டது. 890 என்று தொடங்கினால் அந்த எண்ணை ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பு வழங்கியிருக்கிறது என்று பொருள். பொருள் இந்தியாவில் தயாரானது என்பதற்கு அது சான்றல்ல. 'முதல் மூன்று எண்ணைப் பார்த்து நாட்டைக் கண்டுபிடியுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவுரை தவறானது. அடுத்து வரும் எண்கள் நிறுவனத்தையும் பொருளையும் குறிக்கின்றன. கடைசி எண் சரிபார்ப்புக்கு. எடுத்துக்காட்டாக 890123456789 என்ற பன்னிரண்டு எண்களை இடமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டினால் 130 வருகிறது. அடுத்த பத்தின் மடங்குக்கு எதுவும் கூட்ட வேண்டியதில்லை என்பதால் பதின்மூன்றாவது எண் 0. கறையாலோ கிழிசலாலோ ஓர் எண் தவறாகப் படிக்கப்பட்டால் இந்தக் கணக்கு பொருந்தாது. கருவி ஒலி எழுப்பாது. அதாவது ஸ்கேனர் படிக்காமல் விடலாம், ஆனால் ஓர் எண்ணை இன்னோர் எண்ணாக மாற்றிப் படித்துக் கணக்கைக் கெடுப்பது மிக அரிது. விலையைக் கையால் தட்டச்சு செய்பவருக்கு அந்தக் காவல் இல்லை.

இந்த 13 எண்களில் விலை இல்லை. காலாவதித் தேதி இல்லை. பேட்ச் எண்ணும் இல்லை. இருப்பது அந்தப் பொருளின் அடையாளம் மட்டுமே. மற்ற எல்லாவற்றையும் கடைக்காரரின் கணக்குதான் சொல்ல வேண்டும். கருவி வாங்கி வைத்துவிட்டு 'இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை' என்று சலித்துக்கொள்பவர்களில் பலர் இந்தக் கணக்கைக் கட்டாமல் விட்டவர்கள்.

கருவியைப் பொருத்துவது

பொருத்தும் வேலை பலர் அஞ்சும் அளவுக்குக் கடினமானதல்ல. யுஎஸ்பி வயரில் வரும் ஸ்கேனரைக் கம்ப்யூட்டர் ஒரு கீபோர்டாகவே எடுத்துக்கொள்கிறது. படித்த எண்களை யாரோ வேகமாகத் தட்டியது போல அது உள்ளே அனுப்புகிறது. ஆகவே முதல் சோதனைக்கு பில்லிங் மென்பொருளே வேண்டாம். நோட்பேடைத் திறந்து, கைக்குக் கிடைத்த பிஸ்கட் பொட்டலத்தைக் காட்டினால் போதும். 13 எண்கள் விழுந்து, கர்சர் அடுத்த வரிக்கு இறங்கினால் கருவி சரியாக இருக்கிறது. கர்சர் இறங்காவிட்டால், எண்களுக்குப் பின் 'என்டர்' அனுப்பும் அமைப்பு இல்லை என்று பொருள். கூட வரும் சிறு கையேட்டில் அதற்கென்றே ஒரு பார்கோடு அச்சிட்டிருக்கும். அதை ஸ்கேன் செய்தால் அமைப்பு மாறிவிடும். ஒலியளவு, ப்ளூடூத் இணைப்பு, எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவது என ஒவ்வொன்றுக்கும் கையேட்டில் ஒரு கோடு உண்டு. அந்தக் கையேட்டைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

கீபோர்டு போல நடப்பதால் கீபோர்டுக்கு வரும் சிக்கல்கள் இதற்கும் வரும். பொருளின் பெயரைத் தமிழில் அடிக்கத் தமிழ்99 அமைப்பை இயக்கிவிட்டு மாற்ற மறந்தால், எழுத்தும் எண்ணும் கலந்த கோடுகளில் ஆங்கில எழுத்து வரவேண்டிய இடத்தில் தமிழ் எழுத்து வந்து நிற்கும். புதுச்சேரிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பிரான்சிலிருக்கும் உறவினர் கொண்டுவந்து கொடுத்த லேப்டாப் என்றால் அதில் பிரெஞ்சு கீபோர்டு அமைப்பு இருக்கும். அதில் எண்களுக்கு 'ஷிஃப்ட்' அழுத்த வேண்டும். அமெரிக்க அமைப்பில் அனுப்பும் ஸ்கேனரை அதில் இணைத்தால் 8 வரவேண்டிய இடத்தில் அடிக்கோடும், மற்ற எண்களுக்குப் பதில் வேறு குறிகளும் ஒட்டுக்குறியிட்ட பிரெஞ்சு எழுத்துகளும் விழும். கருவி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஸ்கேனரின் நாட்டு அமைப்பையோ கம்ப்யூட்டரின் மொழி அமைப்பையோ மாற்றினால் தீர்ந்தது.

பிடிக்கும் முறையும் எளிதுதான். கோட்டிலிருந்து ஒரு சாண் தூரம். பளபளக்கும் உறையென்றால் ஒளி நேராகத் திரும்பி அடிக்காதபடி சற்றே சாய்த்துப் பிடிப்பது. சுருங்கிய எண்ணெய்ப் பாக்கெட்டை விரலால் இழுத்து நிமிர்த்துவது. கண்ணாடி முகப்பை மெல்லிய துணியால் துடைப்பது. லேசர் ஒளியை யார் கண்ணிலும் காட்டக் கூடாது. கடைக்கென்று சொந்தமாக லேபிள் அடிப்பவர்கள் சிவப்பு மையைத் தவிர்க்க வேண்டும். ஸ்கேனரின் ஒளியே பெரும்பாலும் சிவப்பு என்பதால் சிவப்புக் கோடு அதற்கு வெள்ளையாகத் தெரியும். சாதாரண தெர்மல் லேபிள் வெயில் படும் இடத்தில் மங்கிவிடும் என்பதையும் கடற்கரை ஊர்க் கடைகள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

கணக்கைக் கட்டுவது

உண்மையான உழைப்பு இங்கேதான். ஒவ்வொரு பொருளையும் ஒரு முறை ஸ்கேன் செய்து பெயர், எம்.ஆர்.பி., வாங்கிய விலை, வரி விகிதம், இருப்பு ஆகியவற்றைப் பதிய வேண்டும். கடையை மூடிவிட்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடிக்க நினைப்பவர்கள் பாதியில் சோர்ந்துபோவார்கள். அன்றன்று மொத்த வியாபாரியிடமிருந்து வந்து இறங்கும் சரக்கை மட்டும் அன்றன்று ஏற்றினால், வேகமாக விற்கும் பொருள்கள் முதலில் உள்ளே வந்துவிடும். மற்றவை தானாகப் பின்தொடரும். ஒரே கோட்டுக்கு இரண்டு எம்.ஆர்.பி. வைக்க இடம் தரும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். 2025 செப்டம்பர் காட்டிய பாடம் அது. அத்தகைய மென்பொருளில் கோட்டைப் படித்ததும் இரண்டு விலையும் திரையில் வரும். உறையைப் பார்த்துச் சரியானதைத் தேர்ந்தால் போதும்.

மருந்துக்கடைக்கு இது இன்னும் பெரிய விஷயம். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் லேபிளில் பார்கோடு அல்லது க்யூஆர் கோடு இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. டோலோ, அலெக்ரா, ஆக்மென்டின் போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உரிம எண் ஆகியவை அந்தக் கோட்டில் அடங்க வேண்டும். போலி மருந்தைக் கண்டுபிடிக்க வந்த விதி இது. ஆனால் கவுன்ட்டரில் அதைப் படிக்கும் கருவி இல்லாவிட்டால் கோடு வெறும் அச்சாகவே கிடக்கும். நீளக் கோடுகளை மட்டும் படிக்கும் பழைய லேசர் ஸ்கேனர் க்யூஆர் போன்ற சதுரக் கோடுகளைப் படிக்காது. மருந்துக்கடைக்காரர் வாங்க வேண்டியது சதுரக் கோட்டையும் படிக்கும் 2டி ஸ்கேனர். விலையில் சில ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். நோயாளிக்குக் கிடைக்கும் காப்பு அதைவிடப் பெரிது.

மறுப்புகளும் பதில்களும்

'என் கடையில் எல்லா விலையும் எனக்கு மனப்பாடம்' என்பது முதல் மறுப்பு. அந்த மனப்பாடம் உண்மையான திறமைதான். ஆனால் அது ஒரே ஒருவரின் தலைக்குள் இருக்கிறது. அவர் காய்ச்சலில் படுத்தாலோ ஊருக்குப் போனாலோ கல்லாவில் உட்காரும் மனைவிக்கும் மகனுக்கும் வேலைக்கு இருக்கும் பையனுக்கும் அது கிடைப்பதில்லை. விலை மனப்பாடமாக இருந்தாலும், மூன்று மாதத்துக்கு முன் வந்த பேட்ச்சில் எத்தனை பாக்கெட் மீதம், எது அடுத்த மாதம் காலாவதி என்பதை யாராலும் மனதில் வைத்திருக்க முடியாது. கெட்டுப்போய்க் குப்பைக்குப் போகும் சரக்கின் இழப்பைப் பெரிய அங்காடி தாங்கும். சிறு கடையில் அது அந்த வார லாபத்தையே தின்றுவிடும்.

'எங்களிடம் பாதி சரக்கு மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுப்பது. அதில் ஏது பார்கோடு?' என்பது அடுத்தது. கடைக்குள் மட்டும் பயன்படுத்திக்கொள்ள 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கட்டி வைக்கும் பருப்புக்கும் புளிக்கும் அந்த எண்ணில் லேபிள் ஒட்டலாம். சில்லறையாக நிறுக்கும் சரக்குக்குக் கவுன்ட்டரில் ஓர் அட்டையில் கோடுகளை வரிசையாக அச்சிட்டு ஒட்டிவைத்தால் போதும். அட்டையை ஸ்கேன் செய்து எடையை அடிக்கலாம். 'போன் கேமரா இருக்கிறதே' என்பவர்களுக்கு: ஆரம்பத்தில் பழகிப் பார்க்க அது நல்லது. ஆனால் நாள் முழுவதும் போனைத் தூக்கிக் குறிபார்ப்பது கையைச் சோர்வடையச் செய்துவிடும். அழைப்பு வந்தால் பில்லும் நின்றுவிடும்.

எல்லாவற்றையும்விட ஆழமான மறுப்பு, வெளியே அதிகம் பேசப்படாதது: 'கணக்கு துல்லியமானால் வரி வலைக்குள் சிக்கிக்கொள்வேன்.' இந்த அச்சத்தை ஏளனம் செய்யக் கூடாது. பொருள் விற்பவர்களுக்கான ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு 2019 ஏப்ரலில் 40 லட்சம் ரூபாயாக உயர்ந்தபோது புதுச்சேரி அதில் சேரவில்லை. இங்கே வரம்பு 20 லட்சம்தான். சற்று வடக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் கோட்டக்குப்பம் கடைக்காரருக்கு 40 லட்சம். ஆண்டுக்கு 20 லட்சம் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 5,500 ரூபாய் விற்பனை. வரி இல்லாத சரக்கும் இந்தத் தொகையில் சேரும். அதாவது ரெட்டியார்பாளையத்தின் சாதாரண மளிகைக் கடைகூட எளிதாக எட்டக்கூடிய எல்லை அது. இப்படிப்பட்ட இடத்தில் தன் விற்பனை எவ்வளவு என்று தனக்கே தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. யுபிஐ வழியாக வரும் பணத்தின் சுவடு வங்கியில் எப்படியும் இருக்கிறது. கொள்முதல் பில் மொத்த வியாபாரியின் கணக்கில் இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல ஆதாரமில்லாமல் நிற்பவர் கணக்கு வைக்காதவரே. வரம்பு குறைவு என்பது அநியாயம் என்று வியாபாரிகள் வாதாட வேண்டுமானாலும் கையில் துல்லியமான கணக்கு இருந்தால்தான் அந்த வாதம் எடுபடும்.

'கருவி வந்தால் மனித உறவு போய்விடும்' என்ற கவலையும் உண்டு. மாதச் சம்பளம் வரும்வரை கடன் கொடுப்பதும், குழந்தையைத் தனியாக அனுப்பினாலும் சரியான பொருளைக் கொடுத்து அனுப்புவதும் சிறு கடையின் பலம். கணக்கு தெளிவாக இருந்தால் கடன் நோட்டுத் தகராறுகள் குறையும், உறவு நீடிக்கும். தவிர, பில் கேட்டும் தராமலிருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகச் செயல். பில் தருவது வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதையும்கூட.

ஆகவே சிறு கடைக்காரர் ஸ்கேனர் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை வினாடியில் படிக்கும்?' என்பதல்ல. மளிகைக்கடைக்காரர், ஒரே கோட்டுக்கு இரண்டு விலை வைக்கத் தன் மென்பொருளில் இடமிருக்கிறதா என்று கேட்க வேண்டும். மருந்துக்கடைக்காரர், சதுரக் கோட்டைப் படிக்குமா, பேட்ச்சும் காலாவதியும் பதியுமா என்று கேட்க வேண்டும். இருவரும் தினமும் அரை மணி நேரம் புதுச் சரக்கை ஏற்றத் தயாரா என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால் சில ஆயிரம் ரூபாய்க் கருவி வீண்போகாது. வியாபாரிகள் சங்கங்களும் ஒரு வேலை செய்யலாம்: ஏற்கெனவே கணக்கைக் கட்டிய கடைக்காரர் தன் பொருள் பட்டியலைப் பக்கத்துக் கடைக்காரருக்குக் கொடுக்கும் பழக்கத்தை உருவாக்கலாம். பார்கோடும் பொருளின் பெயரும் ரகசியமல்ல. வாங்கும் விலையை நீக்கிவிட்டுப் பட்டியலைப் பகிர்ந்தால் அடுத்தவரின் வேலை பெருமளவு குறையும். பெரிய அங்காடிக்குத் தலைமை அலுவலகம் செய்துகொடுப்பதை, சிறு கடைகள் தங்களுக்குள் இப்படிச் சேர்ந்தே செய்துகொள்ள முடியும்.