மென்பொருளும் நம்பிக்கையும்: மீள்பயன்பாட்டின் சமூக அடிப்படை பற்றிச் சில குறிப்புகள்

புதிய தொழில்நுட்பமொன்றை ஏற்க மக்கள் தயங்குமிடத்து, அத்தயக்கத்தை ‘அறியாமை’ என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடுவது படித்தோரிடையே வழக்கமாகிவிட்டது. நம்பிக்கை தனிமனிதர் மனத்தில் எழும் உணர்வு என்றும், போதிய விளம்பரமும் பயிற்சியும் அதனை விளைவித்துவிடும் என்றும் கருதும் கருத்துமுதல்வாத நோக்கின் பேறே இது. நம்பிக்கை வரலாற்றில் உருவாவது. உழைப்பாலும் மனித உறவுகளாலும் ஆக்கப்படுவது. ஒருவர் எழுதிய மென்பொருளைப் பிறர் எடுத்தாளும் இன்றைய முறையை நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையிலிருந்து தொடங்கலாம். புனித அந்தோனியார் தலத்தாற் பெயர்பெற்ற ஊர் அது. கண்டி அரசர் காலத்திற் சிறைப்பட்ட போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்ந்தனர் என்பது மரபு. அந்தோனியாரிடம் நேர்த்தி வைப்போர் இறையியல் ஆராய்ச்சி செய்துவிட்டுச் செல்வதில்லை. முன்னர் சென்று வந்த அயலவரின் சொல்லே பெரும்பாலும் அவர்களை அழைத்துச் செல்கிறது. அதே மாவட்டத்தின் தோட்டத் தொழிலாளி கொழுந்து நிறுக்கும் தராசை, அது மின்னணுத் தராசாயினும், ஐயத்தோடு நோக்கினால் அதிலும் வியப்பில்லை. பைக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறை கழிக்கப்படுவது மலையகத்தின் நெடுங்கால முறைப்பாடு. அதற்கு முன்னரோ, ‘துண்டு’ எனப்பட்ட கடன்சீட்டு, 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, தொழிலாளரைக் கடனோடு பிணைத்து வைத்திருந்தது. எழுத்தும் எண்ணும் தமக்கு எதிராகவே தொழிற்பட்ட அனுபவம் தலைமுறைகளாகத் திரண்ட அறிவாகும். அதனை அறியாமை என்பார் தாமே வரலாறறியாதார்.

மென்பொருளின் நிலையும் அயலவர் சொல்லின் நிலைக்கு அத்துணை தொலைவிலில்லை. மூலநிரலை வரிவரியாகப் படித்த பின்னர் அதனை ஏற்போர் மிகச் சிலரே. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, நாட்டின் கணினித் துறையினர் பலர், லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற அமைப்போடு இணைந்து, ‘சஹன’ என்ற மென்பொருளை ஊதியமின்றி உருவாக்கினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவும் நிறுவனங்கள், வேண்டிய பொருள்கள் ஆகியவற்றைப் பதிவதற்கு அது பயன்பட்டது. மூலநிரல் எவருக்கும் திறந்திருந்தமையின் 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும், 2006இற் பிலிப்பைன்சு மண்சரிவின் போதும், 2010இல் எயிற்றியிலும் அது எடுத்தாளப்பட்டது. கட்டுறுதியான மென்பொருள் மேற்கிலிருந்தே வரும் என்ற எண்ணம் வேரூன்றிய ஒரு நாட்டில் இது சிறிய செய்தியன்று. அழிவின் நடுவே நிரலைச் சோதிக்க எவருக்கும் நேரமில்லை. ‘இதே துன்பத்தைக் கண்டவர்கள் இதனைக் கையாண்டார்கள்’ என்பதே பெருஞ் சான்றாயிற்று.

எனினும் இதன் எல்லையையும் கூறவேண்டும். ஆழிப்பேரலை உதவியைப் பகிர்வதற்கென அரசும் விடுதலைப் புலிகளும் 2005 யூனிற் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பின் முக்கிய கூறுகளை, அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் இடைநிறுத்தியது. எம்முகாமில் எத்தனை பேர் என்று பட்டியலிட மென்பொருளால் முடிந்தது. பகிர்பவர் யார் என்ற பிணக்கைத் தீர்க்க அதனால் முடியவில்லை.

சுகாதாரத் துறையிலிருந்து மற்றுமோர் எடுத்துக்காட்டு. நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின்னர் தென்னாபிரிக்காவில் முளைத்து, நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஆதரவில் வளர்ந்தது டி.எச்.ஐ.எஸ். என்னும் திறந்த மூல முறைமை. அதன் இரண்டாம் வடிவம் 2006இற் கேரளத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. கொவிட் நோயாளி முதன்முதலாக இலங்கையில் இனங்காணப்பட்ட 2020 சனவரியில், வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பதிந்து கண்காணிக்கும் பகுதியொன்றை அம்முறைமையின்மேல் இந்நாட்டவரே அமைத்தனர். பின்னர் பல நாடுகள் அதனைத் தழுவின. இவ்விரைவை அவசரகால அற்புதம் என்று எழுதுவோர், கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மருத்துவர்கள் பலர் அதற்கு முன்னரே பல்லாண்டுகளாக மருத்துவத் தகவலியல் பயின்று வந்தமையை மறந்துவிடுகின்றனர். கருவியை நம்புவதற்கு முன் அதனைக் கையாளும் சக மருத்துவரை வைத்தியசாலைகள் நம்பின.

திறந்த மூலம் என்ற சொல்லில் மயங்குவதும் தவறு. எக்ஸ்.இசட். எனப்படும் சிறு மென்பொருள் உலகெங்குமுள்ள லினக்ஸ் கணினிகளில் இடம்பெறுவது. நெடுங்காலமாக அதனைப் பேணியவர் ஒரேயொரு தன்னார்வலர். ஊதியமில்லை, சோர்வு மட்டும் மிஞ்சியது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் 2021இல் வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேலாகப் பயனுள்ள திருத்தங்களைத் தந்து நம்பிக்கையை ஈட்டினார். வேலை தாமதமாகிறதென வேறு பெயர்களும் அச்சோர்ந்த மனிதரை நெருக்கின. பொறுப்புக் கைமாறிய பின்னர், 2024இன் தொடக்கத்தில், கள்ளவழியொன்று மென்பொருளுட் புகுத்தப்பட்டது. அன்ட்ரேஸ் பிரொயிண்ட் என்ற பொறியியலாளர் கணினிக்குட் புகுவதில் அரை விநாடி தாமதத்தைக் கவனித்தமையாலேயே அது மார்ச் மாதத்தில் வெளிப்பட்டது. இதனைத் தனியொருவரின் வஞ்சகம் என்று மட்டும் கொள்வது போதாது. பெருநிறுவனங்களின் இலாபம் நிற்கும் அடித்தளத்தைக் கூலியற்ற ஒற்றை உழைப்பு தாங்கி நின்றது; வஞ்சகம் நுழைந்த வாயில் அதுவே.

நம்பிக்கை குறைவதால் மட்டுமன்றி, மிகுவதாலும், அதுவும் தவறான திசையில் மிகுவதாலும், கேடு விளையும். பிரித்தானிய அஞ்சல் நிலையங்களிற் புகுத்தப்பட்ட ‘ஹொரைசன்’ கணக்கு முறைமை இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. கணினி சரியாகவே இயங்குகிறது என முற்கோள் கொள்ளும் சட்டநிலை அங்கு நிலவியது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்ட அஞ்சல் முகவர்கள் திருட்டு, கணக்குப் புரட்டு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் தெற்காசிய வம்சாவளியினரும் கணிசமாக இருந்தனர். திரைக்குப் பின்னாலுள்ள கணக்கேட்டைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கில்லை. எனவே பலர் தம் சேமிப்பை இட்டே பற்றாக்குறையைச் சரிக்கட்டினர். 2019இல் நீதிமன்றம் முறைமையின் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக நீக்குவதற்கு 2024இற் சிறப்புச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று; அதற்குள் முகவர்களிற் சிலர் இறந்துவிட்டிருந்தனர்.