பெயரை நம்பி அனுப்பும் சரக்கு

இன்ன சரக்கு இவ்வளவு வேண்டும் என்று வாங்குபவர் எழுத்தில் தரும் கொள்முதல் ஆணையை நம்பிக்கையின் பேரில் ஏற்பதே வணிக வழக்கம் என்பதால், பெயர்பெற்ற நிறுவனத்தின் முகப்புத்தாளையும் முத்திரையையும் போலியாகத் தயாரித்து, கடனுக்குச் சரக்கெடுத்து, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மறைவோருக்கு அந்த நம்பிக்கையே முதலாகிறது.

இத்தந்திரம் பழையது. 1873ஆம் ஆண்டில் லண்டன் வுட் தெருவில் அறை எடுத்திருந்த பிளெங்கார்ன் என்பவர், அதே தெருவில் நற்பெயருடன் இயங்கிய பிளெங்கிரான் நிறுவனத்தின் பெயராகவே படிக்கும்படி கையொப்பமிட்டு, பெல்ஃபாஸ்ட் நகரின் லின்ட்சே நிறுவனத்திடம் கைக்குட்டைகளை வரவழைத்து, அவற்றுள் 250 டஜனைக் கண்டி என்ற வணிகருக்கு விற்றார். பிளெங்கார்னோடு வணிகம் செய்ய லின்ட்சே எண்ணியதே இல்லை என்பதால் ஒப்பந்தமே உருவாகவில்லை என்றும், ஏதும் அறியாமல் வாங்கிய கண்டியே இழப்பை ஏற்க வேண்டும் என்றும் 1878இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

எல்லா ஏமாற்றுக்கும் இத்தீர்ப்பு பொருந்தாது. சொந்தப் பெயரிலேயே வந்து, பொய் சொல்லிச் சரக்கெடுத்தவரோடு ஏற்படும் ஒப்பந்தம், ஏமாந்தவர் ரத்து செய்யும்வரை செல்லும். அதற்குள் நல்லெண்ணத்துடன் வாங்கிய மூன்றாம் நபருக்கு, இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம், 1930இன் 29ஆம் பிரிவு முழு உரிமை தருகிறது. ஆகவே ஐயம் எழுந்த அன்றே ஒப்பந்தத்தை ரத்து செய்து எழுத்தில் அறிவிப்பதும், லாரி அலுவலகத்துக்குத் தகவல் தருவதும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்கீழ் காவல் நிலையத்தில் ஏமாற்றுப் புகார் கொடுப்பதும் இன்றியமையாதவை. காசோலை பணமின்றித் திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாட்களுக்குள் எழுத்துமூல அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். நிலுவையை 45 நாட்களுக்குள் தீர்க்கச் சொல்லும் சிறு தொழில் சட்டமோ, வாங்கியவர் முகவரியில் இருந்தால்தான் கைகொடுக்கும்.

முன்காப்பிலும் ஒரு பிழை பரவலாக நிகழ்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் 15 இலக்க எண்ணைச் சரிபார்த்ததும் பலர் நிம்மதியடைகின்றனர். அந்த எண் நிறுவனம் உண்டு என்பதைக் காட்டுமேயன்றி, ஆணை தந்தவர் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டாது. ஆணைத்தாளில் அச்சிட்டுள்ள தொலைபேசி எண்ணை விடுத்து, வேறு வழியில் பெற்ற எண்ணில் நிறுவனத்தை அழைத்து, ஆணையையும் சரக்கு இறங்கும் முகவரியையும் உறுதிசெய்த பிறகே உற்பத்தியாளர்கள் லாரியில் ஏற்ற வேண்டும்.