மறைக்காமல் சொன்னவருக்குத் தண்டனை

2017 டிசம்பர் 26. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனை. மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ஐ.சி.யூ.வில் இருந்த 75 வயது மூதாட்டி ஓரளவு தேறியிருந்தார். ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க அவருக்குப் பயம். பதற்றம் தணிய 'வெர்செட்' ஊசி போடச் சொன்னார்கள்.

நர்ஸ் ரடோண்டா வாட், மருந்து எடுக்கும் கணினிப் பெட்டகத்தில் 'வி', 'இ' என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டினார். அங்கே அந்த மருந்து 'மிடசோலம்' என்ற பெயரில்தான் பதிவாகியிருந்தது. கிடைக்காததால், கட்டுப்பாட்டை மீறி எடுக்கும் வசதியைப் பயன்படுத்தினார். வந்தது 'வெக்குரோனியம்': தசைகளை முடக்கி மூச்சை நிறுத்திவிடும் மருந்து. வெர்செட் திரவம், இதுவோ கரைத்து ஏற்றவேண்டிய தூள். மூடியிலேயே எச்சரிக்கையும் இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்த வாட் கவனிக்கவில்லை. ஊசி போட்ட பிறகு அந்த அம்மாவின் அருகில் கண்காணிக்க யாரும் இல்லை. மறுநாள் இறந்துவிட்டார்.

தவறு பெரிது, சந்தேகமில்லை. ஆனால் தெரிந்த உடனே வாட் அதை ஒப்புக்கொண்டார். மருத்துவமனையோ அவரை வேலையை விட்டு நீக்கியது. குடும்பத்தோடு சமரசம் செய்துகொண்டது. மாநில அரசுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. பெயர் சொல்லாத ஒருவரின் புகாரால்தான் 2018-இல் விஷயம் வெளியே வந்தது. கணினிக் கோளாறால் அந்த நாட்களில் பெட்டகத்தின் கட்டுப்பாட்டை மீறுவது அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது என்றார் வாட். 2022-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. சிறைக்கு அனுப்பாமல் மூன்றாண்டு கண்காணிப்பில் வைத்தது. நிர்வாகத்தின் மீது குற்ற வழக்கே இல்லை. இது அநீதி என்றே நினைக்கிறேன். இதைப் பார்த்த எந்த நர்ஸ் அடுத்த முறை வாய் திறப்பார்?

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் இரண்டு மருத்துவமனைகளின் வார்டுகளை ஆராய்ந்தார். நன்றாக நடக்கும் வார்டுகளில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தன. காரணம், தலைமை நர்ஸிடம் தயங்காமல் சொல்ல முடிந்தது. திட்டு விழும் வார்டுகளில் தவறுகள் வெளியே வரவில்லை. வராத தவறை யார் திருத்துவது?

வேலைச்சுமையும் சேர்ந்துகொள்கிறது. பென்சில்வேனியாவில் லிண்டா ஐக்கன் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு நர்ஸுக்கு நோயாளி ஒருவர் கூடினால், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. நர்ஸ்களின் பணிச்சோர்வும் கூடியது.

டென்னசிக்கு அடுத்த மாநிலமான கென்டக்கி, 2024-இல் சட்டமே இயற்றிவிட்டது: சிகிச்சையின்போது தெரியாமல் நேரும் தவறுக்காக மருத்துவப் பணியாளர் மீது குற்ற வழக்கு கிடையாது. அப்பட்டமான அலட்சியத்துக்கும் வேண்டுமென்றே செய்யும் தீங்குக்கும் விலக்கு இல்லை.