கேமரன் மலையின் பச்சை, கடையில் வாங்கிய பச்சை

இன்ஸ்டாகிராமில் கேமரன் மலைப் படங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, தேயிலை கண் கூசும் பச்சையில் இருக்கும். இல்லையென்றால் மலை முழுக்கப் பழுப்பேறி, சோகம் பூசிக்கொண்டு கிடக்கும். அங்குள்ள திரிங்காப் பக்கம் ஒருமுறை போய்வந்தவர்களுக்குக்கூட இரண்டுமே பொய் என்று தெரியும். இது ‘ப்ரீசெட்’ செய்கிற வேலை.

ப்ரீசெட் கோப்பைத் திறந்தால் உள்ளே படம் எதுவும் இருக்காது, எண்கள்தான் இருக்கும். வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, மஞ்சளை இவ்வளவு குறை, நிழலில் கொஞ்சம் நீலம் ஏற்று. 2007-இல் வந்த லைட்ரூம் மென்பொருள் இந்த வழக்கத்தைப் பரப்பியது. இன்று படம் திருத்தும் கைபேசிச் செயலிகள் பலவற்றிலும் இருக்கிறது. யாரோ ஒருவர் தம் ஊர் வெயிலில் எடுத்த படத்துக்காக வைத்த அளவுகள் அவை. நாம் ஒரு தட்டு தட்டினால் அதே எண்கள் நம் படத்தில் வந்து உட்கார்ந்துவிடும். நம் படத்தில் என்ன இருக்கிறது என்று பெரும்பாலான ப்ரீசெட்டுகள் பார்ப்பதே இல்லை.

தேயிலைத் தோட்டத்தில் சிக்கல் அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. ஒளியின் நிறத்தை ஈடுகட்டக் கேமரா ‘ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்’ போடும்போது, படத்தின் நிறங்களையெல்லாம் கலந்தால் ஏறத்தாழ சாம்பல் வரும் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவது பழைய முறை. கேமரன் மலையின் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவில் நின்றால் சட்டகம் முழுக்கப் பச்சை. விழுகிற ஒளிதான் பச்சை போலும் என்று ஏமாறும் கேமரா, அதை ஈடுகட்ட ஊதாச் சிவப்பைக் கலந்துவிடும். புதிய கேமராக்கள் இன்னும் புத்திசாலித்தனமாகக் கணக்குப் போடுகின்றன என்றாலும், அவையும் எப்போதும் தப்பிப்பதில்லை. இப்படிக் கோணிய நிறத்தின் மேல்தான் நாம் ப்ரீசெட்டைப் போடுகிறோம். ஆகவே முதலில் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்துவிட வேண்டும். உச்சி வெயிலின் நிற வெப்பநிலை சுமார் 5,500 கெல்வின். மேகம் மூடினால் 6,500-ஐத் தொடும். ராவ் கோப்பாக எடுத்திருந்தால் இதைப் பிறகும் மாற்றலாம். ஜேபெக் என்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகள்தான். இழுக்க இழுக்கத் திட்டுத் திட்டாகப் பிரியும்.

அடுத்தது பனி. மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால் பனி வெள்ளையாகத் தெரிகிறது. 2015-இல் வந்த ‘டீஹேஸ்’ வசதி, படத்தில் எங்கே எவ்வளவு வெள்ளை கலந்திருக்கிறது என்று ஊகித்து அதைக் கழிக்கிறது. மெல்லிய பனிக்கு அருமையான வசதி. கனத்த பனிக்குப் பின்னால் இலையின் தகவலே கேமராவுக்கு வந்து சேரவில்லையே, எதை மீட்பது? புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் மிஞ்சும். பனியைப் பார்க்கவே மலையேறியவர்கள் வீட்டுக்கு வந்து அதைத் துடைத்தெடுக்கும் மர்மம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இனி கொழுந்து. தேயிலையின் முற்றிய இலை கரும்பச்சை. துளிர் மஞ்சள் கலந்த இளம்பச்சை. மென்பொருளின் வண்ணப் பட்டியலில் அந்தத் துளிர் பெரும்பாலும் ‘பச்சை’யில் விழாது, ‘மஞ்சள்’ பக்கம்தான் விழும். சோக பாணி ப்ரீசெட்டுகள் மஞ்சளைத்தான் முதலில் வெட்டுகின்றன. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கொழுந்தும் முற்றலும் ஒரே நிறமாகி, பறிக்கத் தயாரான செடி எது, பறித்து முடித்த செடி எது என்று தெரியாது. எதிர்ப்பக்கம், ‘சாச்சுரேஷனை’ ஏற்றினால் பச்சை முட்டி நின்று இலை நரம்புகள் மறையும். ‘வைப்ரன்ஸ்’ கொஞ்சம் பொறுப்பானது. ஏற்கெனவே அடர்ந்த நிறத்தை அதிகம் தொடாமல் வெளிறியதையே கூடுதலாகத் தூக்கும். இலைமேல் வானம் பட்டு மினுங்கும் வெள்ளையை எந்த ப்ரீசெட்டாலும் முழுதாக எடுக்க முடியாது. அதற்குப் படம் எடுக்கும்போதே போலரைசர் கண்ணாடி வேண்டும்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது முகத்தில்தான். மனிதத் தோல் கறுப்போ வெளுப்போ, அதன் அடிப்படைச் சாயல் ஏறக்குறைய ஆரஞ்சு வட்டத்துக்குள்தான் வரும். வேறுபடுவது பெரும்பாலும் வெளிச்ச அளவு. ‘பளிச்’ என்று காட்டும் ப்ரீசெட்டுகள் ஆரஞ்சின் வெளிச்சத்தை ஏற்றுகின்றன. விளைவு, கொழுந்துக் கூடையோடு நிற்கும் மாநிறப் பெண் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப்போகிறார். தோட்டத்துச் செம்மண் பாதையும் சேர்ந்து வெளுக்கிறது. இது புதிய நோயும் அல்ல. கோடாக் நிறுவனம் புகைப்பட அச்சுக் கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ மாதிரி அட்டைகளில் பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் முகமே அளவுகோலாக இருந்தது.

இதற்கெல்லாம் வழி இல்லாமலும் இல்லை. 2022-இல் லைட்ரூமில் வந்த தகவமையும் ப்ரீசெட்டுகள் வானத்தையும் ஆளையும் தனித்தனியே அடையாளம் கண்டு வேலை செய்கின்றன. ப்ரீசெட்டின் வீரியத்தைக் குறைக்கும் பட்டியும் உண்டு. நூறிலிருந்து நாற்பதுக்கு இறக்கினாலே பாதிப் படங்கள் பிழைத்துவிடும். அதைவிட நல்லது, பனி பெய்யும் காலையில் எடுத்த ஒரு படத்தை முகம், கொழுந்து, வானம் என்று நீங்களே திருத்தி, அந்த அளவுகளை உங்கள் சொந்த ப்ரீசெட்டாகச் சேமித்துக்கொள்வது. போன விடுமுறைப் படங்களை ஏற்கெனவே பாழாக்கிவிட்டீர்களா? லைட்ரூமில் செய்திருந்தால் கவலை வேண்டாம். லைட்ரூம் மூலக்கோப்பைத் தொடுவதில்லை. ‘ரீசெட்’ அழுத்தினால் எடுத்தபடியே திரும்பி வரும்.