கடலடியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம்

தூத்துக்குடியின் முத்துக் குளிப்பைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் இலர். முன்னாளில் குளியாள், கயிற்றில் கட்டிய கல்லின்மீது காலூன்றிக் கடலில் இறங்குவான். மூச்சடக்கிய சிறு பொழுதிற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிக்கொண்டு மேலே வருவான். கடலடியை நின்று பார்க்க அவனுக்கு நேரம் ஏது?

அந்த நேரத்தை மனிதனுக்கு அளித்தது, 1943ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் கூஸ்தோவும் கன்யானும் அமைத்த மூச்சுக் கருவி. முதுகிலுள்ள உருளையில் அடைத்த காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஏற்ப அது அளந்து தருகிறது.

வலையும் வாரியும் இருக்க, ஆராய்ச்சியாளர் நீரில் இறங்குவானேன் என்று கேட்கலாம். வாரி, பவளப் பாறையை உடைத்துத் துண்டுகளைத்தான் மேலே கொணரும். எந்த உயிர் எதனருகே வாழ்ந்தது என்பதை அது சொல்லாது. மூழ்குபவரோ பாறையின்மேல் அளவு நாடாவை விரித்து, அதன் கீழ் உயிருள்ள பவளம் எவ்வளவு, மடிந்தது எவ்வளவு, பாசி மூடியது எவ்வளவு என்று நீரில் நனையாத பலகையில் பென்சிலால் குறிக்கிறார். அடுத்த ஆண்டும் அதே இடத்திற்குச் செல்கிறார். இரு கணக்குகளையும் ஒப்பிடும்போதுதான் கடலின் உடல்நிலை விளங்குகிறது.

இதன் அருமையை மன்னார் வளைகுடா உணர்த்தும். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயின. அத்தீவுகளுள் இரண்டு இன்று நீருக்குள் மறைந்துவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்தமை அதற்கொரு பெருங்காரணம். அலையைத் தடுக்கும் அரண் போனால் நிலமும் போகும் அன்றோ?

2016ஆம் ஆண்டுக் கோடையில் வேறோர் இடர் வந்தது. கடல்நீர் மிகச் சூடேறியதால், பவள உயிர்கள் தமக்கு உணவளிக்கும் நுண்பாசிகளை இழந்து வெளுத்தன. வெளுத்த பவளம் செத்த பவளம் அன்று. நீர் விரைவில் குளிர்ந்தால் அது பிழைக்கக் கூடும். பிழைத்ததா, மடிந்ததா என்பதை அருகே சென்று, மீண்டும் மீண்டும் பார்த்தவரே உறுதியாகச் சொல்ல இயலும்.

இப்பணி எளிதன்று. பத்து மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. குருதியில் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலேறினால் குமிழிகளாகி உயிருக்கே ஊறு செய்யும். ஆதலால் மூழ்குபவர் துணையின்றி இறங்குவதில்லை, அவசரமாக ஏறுவதுமில்லை.

குளியாள் முத்தைக் கொண்டுவந்தான். இவர் கொண்டுவருவது சில எண்களே. ஆயினும் எஞ்சிய தீவுகளைக் காக்கும் வழி அந்த எண்களிலிருந்துதான் தொடங்குகிறது.