வார்த்தை தெரிகிறது, பேச்சு விளங்கவில்லை



"இன்னைக்கு அரைப்பேர்தான் போட்டாங்க" என்று ஒரு அக்கா லயத்து வாசலில் கூடையை இறக்கிக்கொண்டே சொன்னால் நமக்கெல்லாம் உடனே விளங்கும். கொழுந்து நிறை காணவில்லை, அரைநாள் சம்பளம்தான் என்று அர்த்தம். இதையே வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீசாக்கி, வெளிநாட்டில் இருந்து தோட்டம் பார்க்க வரும் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். 'ஹாஃப் நேம்' என்று வரும். பேரில் பாதியை யார் வெட்டி எடுத்தார்கள் என்று அவர் முழிப்பார்.

அவர்களுடைய பேச்சிலும் இப்படி நிறைய உண்டு. ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிந்திருக்கும், ஆனால் சேர்த்துக் கேட்டால் ஒன்றும் விளங்காது. பள்ளிக்கூடத்தில் இதற்கு மரபுத்தொடர் என்று பெயர். இங்கிலீசில் 'இடியம்' என்பார்கள்.

திருகோணமலை லிங்கநகரில் இருந்து ஒரு தங்கச்சி எழுதிய கடிதம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். தாத்தா, அம்மாயி எல்லாரும் தோட்டத்து ஆட்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலைப் பக்கம் போன குடும்பங்கள் எத்தனையோ, அவர்களில் ஒன்று. தங்கச்சி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். டியூஷன் மாஸ்டர் இருநூறு இடியம் அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னாராம். "படிக்கப் படிக்க மறக்குது ஐயா, என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறாள். மறக்கத்தான் செய்யும். எங்கே, யார், எதற்காகச் சொன்னார்கள் என்று தெரியாத பேச்சு மனதில் எப்படி நிற்கும்?

இதைப் பரீட்சைச் சங்கதி என்று மட்டும் நினைக்காதீர்கள். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்த தோட்டத்துப் பையன் ஒருவனை எனக்குத் தெரியும். சீசன் முடிகிற நேரம் மனேஜர் கூப்பிட்டு, "வீ ஹேவ் டு லெட் யூ கோ" என்று சொல்லிச் சம்பளத்தையும் கையில் கொடுத்திருக்கிறார். 'லெட்' என்றால் விடு, 'கோ' என்றால் போ. சரி, ஊருக்குப் போக லீவு கொடுக்கிறார்கள் என்று பையன் நினைத்துக்கொண்டான். "தேங்க் யூ சேர்" என்று சிரித்துச் சொல்லிவிட்டு ஹட்டனுக்கு பஸ் ஏறிவிட்டான். பத்து நாள் கழித்துத் திரும்பிப் போனால் அவன் கட்டிலில் வேறொரு பையன் படுத்திருக்கிறான். அந்தப் பேச்சுக்கு உன்னை வேலையை விட்டு நிறுத்துகிறோம் என்றுதான் அர்த்தம். முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிற விஷயத்தைத் துணி போர்த்திச் சொல்வது இங்கிலீசுக்காரர் வழக்கம்.

ஆகவே வேலைக்குப் போகிற பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ரகப் பேச்சைத்தான். 'லெட் கோ', 'லே ஓஃப்', 'கிவ் நோட்டிஸ்' என்று எது காதில் விழுந்தாலும் உஷாராக வேண்டும். "ப்ளீஸ் கிவ் இட் டு மீ இன் ரைட்டிங்" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுத்தில் தாருங்கள் என்று கேட்பது தப்பில்லை. வேலை நிறுத்தியது நியாயமில்லை என்று பட்டால் தொழில் திணைக்களத்துக்கோ தொழில் நியாய சபைக்கோ போகலாம். நியாய சபைக்குப் போவதற்குக் காலக்கெடு உண்டு, அதனால் நாள் கடத்தக் கூடாது.

'கெட் த சேக்' என்பதும் இதே விஷயம்தான். சேக் என்றால் சாக்கு. அந்த நாளில் வேலையாட்கள் தங்கள் ஆயுதங்களைச் சாக்கில் போட்டுத்தான் வேலைக்குக் கொண்டு வருவார்களாம். வேண்டாம் என்றால் முதலாளி சாக்கைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுவார், அதிலிருந்து வந்த பேச்சு என்று சொல்லுகிறார்கள். நம் பெரியவர்கள் "பத்துச்சீட்டு கொடுத்துட்டாங்க" என்று சொல்வார்களே, அதே கதை. அவர்களுக்குச் சாக்கு, நமக்குச் சீட்டு. இப்படி நம் பேச்சோடு ஜோடி சேர்த்துப் படித்தால் மறக்கவே மறக்காது.

லிங்கநகர் தங்கச்சிக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. இங்கிலீசு இடியங்களில் பல கப்பலில் பிறந்தவை. பிரிட்டன் கடல் சூழ்ந்த தீவு, கப்பல்தான் அவர்களுக்குப் பிழைப்பு. 1795ல் ஒல்லாந்தரிடம் இருந்து திருகோணமலையைப் பிடித்தவர்கள், 1957ல் கடற்படைத் தளத்தை நம் நாட்டிடம் ஒப்படைக்கும் வரைக்கும் அந்தத் துறைமுகத்தை விடவில்லை. டொக்யார்ட் வீதி, உள்துறைமுக வீதி என்று அந்தக் காலத்துப் பேர்கள் இன்றும் இருக்கின்றன. நாம் ரொட்டி தட்டுகிற கோதுமை மாவை அரைக்கும் பிறீமா ஆலையும் அங்கே சீனக்குடாவில்தான். கடலையும் கப்பலையும் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு இந்தப் பேச்செல்லாம் கண்ணுக்கு முன்னால் படம் போல வரும்.

'லேர்ன் த ரோப்ஸ்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கயிறுகளைக் கற்றுக்கொள் என்பது நேர் அர்த்தம். பெரிய பாய்க்கப்பலில் நூற்றுக்கணக்கான கயிறு இருக்கும். எது எந்தப் பாயை இழுக்கும், எதை எப்போது தளர்த்த வேண்டும் என்று தெரியாதவன் கப்பலில் ஒன்றுக்கும் உதவமாட்டான். அதனால் புது வேலையின் நெளிவுசுளிவைப் பழகுவதற்கு இப்படிச் சொல்கிறார்கள். புதிதாகப் பேர் பதிந்த பிள்ளைக்கு எந்தக் கொழுந்தை எடுப்பது, எதை விடுவது என்று நிரையில் பக்கத்தில் நின்று ஒரு பெரியம்மா காட்டிக் கொடுக்கிறார் அல்லவா, அவர் செய்வது 'ஷோ ஹர் த ரோப்ஸ்'. இதில் ஒரு கவனம் வேண்டும். நம் பேச்சில் கயிறு திரிப்பது என்றால் பொய் அளப்பது. அந்த அர்த்தத்தை இதோடு கொண்டுபோய்க் கட்டிவிடாதீர்கள்.

'ஓல் அட் சீ' என்றால் ஒன்றும் புரியாமல் தடுமாறுவது. கரை கண்ணுக்கு மறைந்துபோனால் கப்பல்காரனுக்குத் திசை தெரியாது. நாம் இதைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்போம். அவர்கள் கடலில் தொலைந்தார்கள், நாம் காட்டில் தொலைந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். 'ப்ளேன் செய்லிங்' என்றால் தடங்கல் இல்லாமல் போகிற காரியம். 'இன் த சேம் போட்' என்றால் உனக்கும் எனக்கும் ஒரே கதி. தோணியில் அடைந்து இந்தக் கரைக்கு வந்த நம் பாட்டன்மாரிடம் இதைச் சொல்லியிருந்தால் உவமை என்றே நினைத்திருக்க மாட்டார்கள்!

எனக்கு மிகப் பிடித்தது 'அண்டர் த வெதர்'. வெதர் என்றால் காற்று, மழை, வெயில். அதற்குக் கீழே இருக்கிறேன் என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தமாம். கடல் கொந்தளிக்கும்போது கப்பலில் நோய்ப்பட்டுக் கிடந்ததில் இருந்து வந்தது என்கிறார்கள். நமக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் "மேலுக்கு முடியல" என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதை ஒரு இங்கிலீசுக்காரர் அகராதி பார்த்துப் படித்தால் அவருக்கும் சிரிப்புத்தான் வரும். அவர்களுக்குக் கீழே, நமக்கு மேலே. இதைப் பேச்சில் சொல்லலாம். லீவுக் கடிதத்தில் மட்டும் எழுதாதீர்கள். அங்கே "ஐ ஏம் இல்" என்று நேராக எழுதுவதுதான் சரி.

நம் தேயிலையையும் அவர்கள் விடவில்லை. 'நொட் மை கப் ஒஃப் டீ' என்றால் எனக்கு அதில் விருப்பமில்லை என்று அர்த்தம். மனதுக்குப் பிடித்த ஆளையோ விஷயத்தையோ 'மை கப் ஒஃப் டீ' என்றுதான் முதலில் சொல்லிவந்தார்கள், இல்லை என்று மறுத்துச் சொல்வது பிறகுதான் பெருகியது. 'ஸ்டோர்ம் இன் எ டீகப்' என்றால் சின்ன விஷயத்துக்குப் பெரிய ஆர்ப்பாட்டம், கோப்பைக்குள் புயல். எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்பதற்கு 'நொட் ஃபோர் ஓல் த டீ இன் சைனா' என்பார்கள். 1867ல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதில் இருந்து இத்தனை தலைமுறையாக நாம் கொழுந்து பறித்துக் கொடுக்கிறோம். பேச்சில் மட்டும் சீனாத் தேயிலைக்குத்தான் மதிப்பு!

நம் பாட்டன்மார் எந்தப் புத்தகத்தையும் பார்த்து இங்கிலீசு படிக்கவில்லை. 'பரேட்' என்று காதில் விழுந்ததைப் பிரட்டு என்றார்கள், 'லைன்' லயம் ஆனது. விடியற்காலைக் குளிரில் பிரட்டுக்களத்தில் நின்று கற்ற வார்த்தை ஆயுசுக்கும் மறக்கவில்லை. பிள்ளைகளும் அந்த வழியில் போகலாம். ஒரு கொப்பி எடுத்து, ஒரு நாளைக்கு ஒரு இடியம் போதும், யார் யாரிடம் என்ன சமயத்தில் சொன்னது என்று ஒரு வரியும், அதே இடத்தில் நம் வீட்டில் என்ன சொல்வோம் என்று ஒரு வரியும் எழுதட்டும். இரண்டாவது வரிக்கு இங்கிலீசு தெரியாத அம்மா, அப்பாவும் உதவி செய்யலாம். வீட்டில் கிழவி இருந்தால் இன்னும் நல்லது, அவர்களிடம் இல்லாத பழமொழியா?

எந்த இடத்தில் சொல்லக் கூடாது என்பதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். 'கிக் த பக்கெட்' என்றால் செத்துப்போவது. வாளியை உதைத்தார் என்று பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. நாம் மண்டையைப் போட்டுட்டார் என்று சொல்வதற்குச் சமமான பேச்சு அது. சாவு வீட்டில் அப்படிச் சொல்வோமா? அனுதாபக் கடிதத்தில் இதை எழுதினால் உறவே முறிந்துபோகும். மழை கொட்டுகிறது என்பதற்குப் பூனையும் நாயும் விழுவதாகச் சொல்லும் இடியம் எல்லாக் கைடு புத்தகத்திலும் இருக்கிறது. பரீட்சையில் கட்டுரை எழுதும்போது பிள்ளைகள் முதல் வரியிலேயே அதைக் கொண்டுவந்து செருகுகிறார்கள். இங்கிலீசுக்காரர் பேச்சில் இப்போது அதை அதிகம் கேட்க முடியாது. ஒரு கட்டுரைக்கு ஒரு இடியம், அதுவும் இடத்துக்குப் பொருந்தினால் மட்டும் போடலாம் என்பது என் அபிப்பிராயம்.

தங்கச்சி கடிதத்தின் அடியில், 'ஹோல்ட் யுவர் ஹோர்சஸ்' என்றால் என்ன என்றும் கேட்டிருந்தாள். குதிரைகளைப் பிடித்து நிறுத்து, அதாவது அவசரப்படாதே, கொஞ்சம் பொறு என்று அர்த்தம். குதிரையும் குதிரை வண்டியும் ஓடிய காலத்துப் பேச்சு. துரைமார் குதிரையில் ஏறி மலை சுற்றி வந்த கதை உன் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும் தங்கச்சி, அவரிடம் கேட்டு அதையும் கொப்பியில் எழுதி வை.